காற்றை அளந்து பெட்ரோலைக் கணக்கிடுதல்

சொந்தமாகக் கார் வைத்திருப்பவர் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால், வண்டியின் விலையும் வர்ணமும் பேசி முடிந்தபின் தவறாமல் எழுகிற கேள்வி, “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?” என்பதாகும். அதற்குச் சொல்லப்படும் விடையில் கணிதத்தைக் காட்டிலும் அபிமானமே பெரும்பாலும் மிகுந்திருக்கும். எப்போதோ ஒரு நாள் விடியற்காலையில், வெறிச்சோடிக் கிடந்த நெடுஞ்சாலையில், காற்றும் பின்னாலிருந்து தள்ளிக் கொடுத்த ஒரு பிரயாணத்தில் கிடைத்த எண்ணையே தம் வண்டியின் இயற்கைக் குணமாகப் பாவித்து, ஆண்டுக்கணக்கில் அதையே ஒப்பித்து வருபவர்களும் உண்டு. பங்க்கில் ஐந்நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் அவ்வப்போது பெட்ரோல் போட்டுக்கொண்டு, கணக்கென்று ஒன்றும் வைக்காமல், மனத்தில் தோன்றிய எண்ணைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. இவ்விரு சாராருக்கும் உதவும்பொருட்டு, ஸ்டீரிங்குக்குக் கீழே செருகிவைத்தால் ஓடும்போதே மைலேஜைக் காட்டிக்கொண்டிருக்கும் சிறு உபகரணங்கள் இன்று மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகிய மாத்திரத்தில் அவை காட்டும் எண்களை அப்படியே நம்புவது விவேகமாகாது. அக்கருவி எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது, அந்த ஊகம் எங்கே பிழைபடும், அதை எந்தக் கிரமத்தில் திருத்த வேண்டும் என்பவற்றை அறிந்தவருக்கே அது பயன்படும்.

எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற எண்ணம் மோட்டார் வாகனத்துக்குப் புதியதன்று. அமெரிக்காவில் 1936 முதல் 1968 வரை, இடையில் உலக யுத்த காலம் நீங்கலாக, குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓட்டும் போட்டி ஒன்று மொபில் எண்ணெய்க் கம்பெனியின் ஆதரவில் நடந்துவந்தது. அக்காலத்தில் சிக்கனம் நாடியவர்கள் தம் கார்களில் பொருத்திக்கொண்டது வாக்யூம் மானி ஒன்றேயாகும். என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் எவ்வளவு வெற்றழுத்தம் உண்டாகிறது என்பதை அது பாதரச அங்குலக் கணக்கில் காட்டும். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதித்தால் த்ராட்டில் என்னும் காற்றடைப்பு சிறிதே திறந்திருப்பதால் முள் மேலே நிற்கும். அழுத்தி மிதித்தால் காற்று தாராளமாகப் புகுந்து முள் விழுந்துவிடும். இதிலிருந்து காரோட்டி தன் பாதத்தின் பாரத்தை அறிந்துகொள்ளலாமேயன்றி, இத்தனை லிட்டர் செலவாயிற்று என்று அறிய வழியில்லை. 1973-ஆம் ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதிக்க, பீப்பாய் ஒன்றின் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தபோதுதான், மேல்நாட்டுக் கார் உற்பத்தியாளர்கள் இவ்விஷயத்தில் தீவிர சிரத்தை கொண்டார்கள். 1978-இல் காடிலாக் செவில் காரில் பிரயாணக் கணக்கைச் சொல்லும் ஒரு சிறு கம்ப்யூட்டர் இடம்பெற்றது. 1981-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஐந்தாம் வரிசைக் கார்களில், அந்தந்தக் கணத்துச் செலவைக் காட்டும் முள் ஒன்று முகப்புப் பலகையிலேயே அமைந்தது.

இவ்வசதி விலையுயர்ந்த கார்களோடு நின்றுவிடாமல் சாதாரண ஜனங்களின் வண்டிக்கும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், சிக்கனத்தை நாடாத வேறொரு சட்டமாகும். அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவும், தம் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புக்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதைத் தாமே சோதித்துச் சொல்ல வேண்டும் என்றும், அச்செய்தியை எந்த மெக்கானிக்கும் படித்தறியும்படி 16 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான இணைப்பை வைத்திருக்க வேண்டும் என்றும் 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் விதிக்கப்பட்டது. ஓ.பி.டி. என்று மெக்கானிக்குகள் வழங்கும் இந்த இணைப்பு பின்னர் ஐரோப்பாவிலும், 2010-க்குப் பிறகு படிப்படியாக இந்தியாவிலும் கட்டாயமாயிற்று. நம் மைலேஜ் கருவி இந்த இணைப்பில் அமர்ந்துகொண்டு, என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, உள்ளே புகும் காற்றின் உஷ்ணம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று காரின் கம்ப்யூட்டரை ஓயாமல் வினவி, கிடைத்த விடைகளைக் கொண்டு கணக்குப் போடுகிறது.

இங்கே கவனிக்கத்தக்க சூட்சுமம் ஒன்று உண்டு. இவ்வினாக்களுள் பெட்ரோலைப் பற்றியது எதுவுமில்லை. பெரும்பாலான கார்களில் பெட்ரோல் செல்லும் குழாயில் அளவுமானி எதுவும் கிடையாது. செலவான பெட்ரோலின் அளவை இணைப்பின் வழியாகத் தெரிவிக்கும் வசதியும் பழைய வண்டிகளில் இல்லை. கருவி காற்றைக் கணக்கிட்டு, அதிலிருந்து பெட்ரோலை ஊகிக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் அதன் நாயகிக்குத் தருக்கம் போதிக்கும் பௌத்தத் துறவியான அறவண அடிகள், உண்மையை அறிவதற்கு உரிய அளவைகள் பிரத்தியட்சமும் அனுமானமும் ஆகிய இரண்டே என்று வரையறுக்கிறார். அந்தப் பாகுபாட்டின்படி பார்த்தால், பங்க்கில் டேங்கை நிரப்பி ரசீதைப் பார்ப்பது பிரத்தியட்சம். கருவியின் திரையில் ஓடும் எண் அனுமானம். அனுமானத்தின் வலிமை, காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையிலுள்ள சம்பந்தம் எவ்வளவு உறுதியானது என்பதைப் பொறுத்தது. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் அப்படியொரு சம்பந்தம் இருக்கிறதா என்பதே நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்ரோல் என்ஜினில் அது இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சைலன்சரின் வழியாக வெளியேறும் நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இவ்விகிதம் சிறிதும் பிறழாமல் இருந்தால்தான் தன் வேலையைச் செவ்வனே செய்யும். ஆகவே, வெளியேறும் புகையில் பிராணவாயு மிஞ்சியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் ஒன்றை அங்கே பொருத்தி, அதன் சொற்படி பெட்ரோலைக் கணந்தோறும் கூட்டியும் குறைத்தும் அவ்விகிதத்தைக் கம்ப்யூட்டர் காத்துவருகிறது. 1976-இல் பாஷ் நிறுவனம் வால்வோ 240 காருக்கென முதன்முதலாக அளித்த இந்த உறுப்பு இன்று எல்லாப் பெட்ரோல் கார்களிலும் உண்டு. நகரத்துக் காற்றின் மாசைக் குறைப்பதற்காக ஏற்படுத்திய ஏற்பாடே, காற்றை அளந்தால் பெட்ரோல் தெரிந்துவிடும் என்ற அனுமானத்துக்கும் ஆதாரமாக அமைந்தது. டீசல் என்ஜினில் இச்சம்பந்தம் கிடையாது. அது எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றையே இழுத்துக்கொள்ளும், சுமை கூடினால் டீசலை மட்டும் அதிகமாகச் செலுத்தும். பெட்ரோல் காருக்கென்று அமைத்த கருவியை டீசல் வண்டியில் செருகினால் அது காட்டும் எண் அர்த்தமற்றதாவதற்கு இதுவே காரணம்.

காற்றை அளப்பதற்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. சில கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில், புகும் காற்றின் எடையை நேரே சொல்லும் சென்சார் இருக்கும். அங்கே கருவியின் வேலை சுலபம். நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் அது கிடையாது; இன்டேக் மேனிஃபோல்டு என்னும் உறிஞ்சுகுழாயின் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் மட்டும் அறிந்து, வாயுக்களைப் பற்றிய பாயில், சார்லஸ் விதிகளைக்கொண்டு எடையைக் கணிக்க வேண்டியிருக்கிறது. 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின் ஒன்று நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்வதால், நிமிஷத்துக்கு அது இழுக்கக்கூடிய காற்று 1,200 லிட்டர். மேனிஃபோல்டின் அழுத்தம் 50 கிலோபாஸ்கலும் காற்றின் உஷ்ணம் 40 டிகிரியும் ஆனால், அக்காற்றின் எடை லிட்டருக்கு 0.557 கிராம். சிலிண்டர் ஒவ்வொரு முறையும் பூரணமாக நிரம்புவதில்லை; நூற்றுக்கு எண்பது பங்கே நிரம்புகிறது என்று கொண்டால், நிமிஷத்துக்கு 534 கிராம் காற்று உள்ளே போகிறது. அதை 14.7-ஆல் வகுத்தால் பெட்ரோல் 36.3 கிராம், ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 745 கிராம் ஆதலின், மணிக்கு 2.93 லிட்டர். அப்போது வண்டியின் வேகம் 60 கிலோமீட்டரானால், லிட்டருக்கு 20.5 கிலோமீட்டர் என்று திரையில் எண் தோன்றும்.

இக்கணக்கில் கருவிக்குத் தானாகத் தெரியாத விவரங்கள் சில ஒளிந்திருக்கின்றன. என்ஜினின் கொள்ளளவை நாம்தான் சொல்ல வேண்டும். 1,197 கன சென்டிமீட்டர் என்று பதிவுச் சான்றிதழில் இருந்தால் 1.2 என்று கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் வேறொரு காருக்குக் கொடுத்திருந்த 1.0 என்ற எண்ணை மாற்றாமல் விட்டால் ஆறில் ஒரு பங்கு பிழை முதலிலேயே புகுந்துவிடும். சிலிண்டர் நூற்றுக்கு எண்பது பங்கு நிரம்புகிறது என்பதும் உத்தேசமே. உண்மையில் எண்பத்தைந்து பங்கு நிரம்பினால் செலவு பதினாறில் ஒரு பங்கு கூடிவிடும். பெட்ரோலின் தன்மையைப் பற்றிய அனுமானமும் இவ்வாறே. இந்தியாவில் இப்போது பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தன்னுள்ளேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால், அது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். கலவைக்கு வேண்டிய விகிதம் 14.7-லிருந்து சுமார் 13.5-ஆக இறங்கிவிடுகிறது. ஆக்சிஜன் சென்சார் இதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிவிடும். பழைய விகிதத்தையே நம்பியிருக்கும் கருவியோ உண்மைச் செலவில் ஏறத்தாழ 7 சதவிகிதத்தைக் காணாமல் விட்டு, மைலேஜை உயர்த்திக் காட்டும்.

இவை யாவும் அளவில் நேரும் பிழைகள். ஒரே விகிதத்தில் எப்போதும் கூடவோ குறையவோ செய்பவை. இவற்றினும் வேறான, வகையிலேயே பிழைபடும் இடம் ஒன்று இருக்கிறது. கியரில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றிக்கொண்டு போவதால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மூடிப் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சுழற்சி ஏறத்தாழ 1,200-க்கும் 1,500-க்கும் இடைப்பட்ட அளவுக்கு இறங்கிய பிறகே மறுபடி திறக்கும். இந்த இடைவேளையில் என்ஜின் காற்றை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது, பெட்ரோல்தான் இல்லை. காற்று உண்டு, ஆதலால் பெட்ரோலும் உண்டு என்ற அனுமானம் இங்கே ஏதுப்போலி, அதாவது பொய்க் காரணம், ஆகிவிடுகிறது. ஆகையால் நல்ல கருவிகளில், த்ராட்டில் எந்த அளவுக்குக் கீழே மூடியிருந்தால் பெட்ரோல் நின்றுவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்ற எல்லை எண்ணை நாம் பதிக்குமாறு இடம் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. என்ஜின் நன்றாகச் சூடேறியபின், வண்டியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, ஐட்லிங்கில் ஓடவிட்டு, த்ராட்டில் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு படி மேலான எண்ணை எல்லையாக வைக்க வேண்டும். பிறகு ஆள்நடமாட்டமில்லாத இறக்கம் ஒன்றில், மூன்றாவது கியரில் காலை எடுத்துப் பார்த்தால், அருகிலிருப்பவர் திரையைக் கவனித்துச் செலவு சூனியமாகிறதா என்று சொல்லிவிடலாம். எல்லையை அதிகமாக வைத்துவிட்டால், பெட்ரோல் செலவாகும்போதும் செலவே இல்லை என்று கருவி சாதிக்கும். குறைவாக வைத்தால், நின்ற பெட்ரோலுக்கும் கணக்கெழுதும்.

இவ்விரு வகைப் பிழைகளையும் பிரித்தறிவதே சரியான கிரமத்துக்கு அடிப்படை. பெரும்பாலோர் செய்வதுபோல, எடுத்த எடுப்பில் டேங்கை நிரப்பி, ரசீதில் கண்ட லிட்டருக்கும் கருவி சொன்ன லிட்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தமாகக் கொடுத்துவிட்டால், எல்லாப் பிழைகளையும் அந்த ஒரே எண் மூடி மறைத்துவிடும். எல்லை எண் தவறாக இருந்த வண்டியை நகர நெரிசலில் ஓட்டித் திருத்தியிருந்தால், நெடுஞ்சாலையில் அதே திருத்தம் பொய்யாகும். ஏனெனில் அடிக்கடி காலை எடுக்கும் நகரப் பிரயாணத்தில் அப்பிழையின் பங்கு பெரியது, ஒரே சீராகப் போகும் பிரயாணத்தில் மிகச் சிறியது. ஆதலால் முதலில் கொள்ளளவு முதலிய விவரங்கள், அடுத்துப் பெட்ரோல் நிற்கும் எல்லை, அதற்கடுத்துத் தூரம், எல்லாவற்றுக்கும் இறுதியில் டேங்கின் கணக்கு என்ற வரிசையே நியாயமானது.

தூரத்தைச் சரிபார்ப்பதற்குக் காரின் ஸ்பீடாமீட்டரை நம்புதல் கூடாது. வேகத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்று சர்வதேச விதி இருப்பதால், உற்பத்தியாளர்கள் ஜாக்கிரதையாகச் சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைக்கிறார்கள். டயரின் தேய்மானமும் இதில் சேரும். புதிய டயரில் 8 மில்லிமீட்டர் ஆழமிருந்த பள்ளம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டராகும்போது, சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்து, அதே தூரத்துக்கு அதிகமான சுற்றுக்கள் வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களையோ, செயற்கைக் கோள்களின் உதவியால் தூரம் காட்டும் செல்பேசியையோ துணைக்கொண்டு, இருபது கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு தொலைவில் கருவியின் தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்து, வந்த விகிதத்தைப் பதித்துவிட்டால் இப்பகுதி முடிந்தது.

இனி எஞ்சியிருப்பது பிரத்தியட்சமான டேங்க் கணக்கு. இதில் அவசரம் ஆகாது. பங்க்கின் நாஸில் தானாக நிற்கும் முதல் ‘கட்’டோடு நிறுத்திவிட வேண்டும், மேலும் மேலும் அமுக்கி விளிம்பு வரை நிரப்பினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவாகும். அதே பங்க்கில், அதே பம்ப்பில், வண்டியை அதே பக்கமாக நிறுத்தி, இயன்றவரை அதே வேளையில் நிரப்புவது உத்தமம். பம்ப்பின் பிழை பெரிதன்று. 5 லிட்டர் அளக்கும் சோதனைக் கலத்தில் 25 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாகாது என்பது சட்டம், அதாவது இருநூற்றில் ஒரு பங்கு. பெட்ரோல் டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவதால், பத்து டிகிரி வித்தியாசத்தில் 30 லிட்டர் 300 மில்லிலிட்டர் மாறிக் காட்டும். இவற்றைவிடப் பெரியது, நாஸில் எந்தக் கணத்தில் நிற்கிறது என்பதில் உள்ள அநிச்சயம். அது அரை லிட்டர் என்று கொண்டால், 5 லிட்டர் வாங்கிக் கணக்கிடுபவருக்குப் பத்து சதவிகிதப் பிழை. 30 லிட்டர் வரை காத்திருந்து நிரப்புபவருக்கு இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு. டேங்கை முக்கால் பங்காவது காலி செய்தபின் நிரப்புவதும், மூன்று முறை நிரப்பியதன் மொத்தத்தைக்கொண்டு திருத்துவதும் இதனாலேயே அவசியமாகின்றன. கருவி 27.0 லிட்டர் என்றும் ரசீது 28.6 லிட்டர் என்றும் சொன்னால், கருவியின் கணக்கை ஏறத்தாழ 6 சதவிகிதம் உயர்த்த வேண்டும். கொள்ளளவின் உத்தேசமும் எத்தனாலின் பங்கும் ஆகிய எல்லா அளவுப் பிழைகளையும் இந்த ஒரு திருத்தம் சேர்த்து நேராக்கிவிடும்.

திருத்திய கருவியின் எண்களைப் படிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. போகும்போது 50 கிலோமீட்டர் தூரம் லிட்டருக்கு 10 வீதமும், திரும்பும்போது அதே 50 கிலோமீட்டர் 20 வீதமும் கிடைத்தால், சராசரி 15 என்று நாவில் வந்துவிடும். ஆனால் செலவானது முதலில் 5 லிட்டர், பிறகு 2.5 லிட்டர், ஆக 7.5 லிட்டர், 100 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் 13.3. மைலேஜ் என்னும் அளவு, செலவைத் தலைகீழாக நிறுத்திக் காட்டுவதால் விளையும் மயக்கம் இது. 10 கொடுத்த வண்டியை 12 கொடுக்கச் செய்தவர் ஆயிரம் கிலோமீட்டரில் 16.7 லிட்டர் மிச்சம் பிடிக்கிறார். 20 கொடுத்ததை 24 ஆக்கியவரோ, இரு மடங்கு முன்னேற்றம் கண்டதாகத் தோன்றினாலும், 8.3 லிட்டரே மிச்சம் பிடிக்கிறார். ட்யூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த லாரிக், சோல் என்ற இருவர் 2008-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் இம்மயக்கத்தைப் பரிசோதனைகளால் நிரூபித்துக் காட்டினார்கள். ஐரோப்பியர் வழங்குவதுபோல நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கருவியை மாற்றிக்கொண்டால், கூட்டலும் கழித்தலும் நேரடியாகிவிடும்; பழகியதைக் கைவிட மனமில்லாதவர், அந்தந்தப் பிரயாணத்தின் மொத்த லிட்டரையும் பக்கத்தில் காட்டுமாறு திரையை அமைத்துக்கொள்ளலாம்.

கருவி செம்மையானபின் அது முதலில் கற்பிப்பது பிரேக்கின் விலையை. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, அதன் இயக்கத்தில் ஏறத்தாழ 153 கிலோஜூல் சக்தி தேங்கியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் பெட்ரோலில் அடங்கிய 32 கிலோஜூல் உஷ்ணத்தில் கால் பங்கே சக்கரத்தை எட்டுவதால், அவ்வேகத்தை உண்டாக்கச் சுமார் 19 மில்லிலிட்டர் செலவாகியிருக்கும். சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே கண்டும் வேகமாகப் போய்ப் பிரேக்கை அழுத்துகிறவர், அதே வண்டி சில நூறு மீட்டர் ஓடுவதற்குரிய பெட்ரோலைப் பிரேக் பட்டைகளில் உஷ்ணமாக்கிக் கரைத்துவிடுகிறார். முன்கூட்டியே காலை எடுத்துவிடுகிறவருக்கோ, மேலே கண்டபடி இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்வதால், மிச்சமுள்ள தூரம் செலவின்றியே கழிகிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது சிக்கனம் என்று எண்ணுகிறவர்கள் கருவியைப் பார்த்தால் தெளிவடைவார்கள். நியூட்ரலில் என்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளப் பெட்ரோல் கேட்கும், கியரில் கேட்காது. ஆபத்துக் காலத்தில் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் என்ஜினின் துணையும் நியூட்ரலில் போய்விடும். நின்றபடி ஓடும் என்ஜின் மணிக்கு 0.7 லிட்டர் குடிப்பதாகத் திரை காட்டினால், ரயில்வே கேட்டில் பத்து நிமிஷம் அணைக்காமல் நிற்பது இரண்டு கிலோமீட்டர்ப் பிரயாணத்தை வீணடிப்பதாகும்.

வேகத்தைப் பற்றிய பாடம் இன்னும் கண்டிப்பானது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. சாதாரண அளவுள்ள காருக்கு 60-இல் ஏறத்தாழ 117 நியூட்டனாக இருக்கும் அவ்வெதிர்ப்பு, 80-இல் 207-ஆகவும், 100-இல் 324-ஆகவும் உயரும். டயர் உருளும் எதிர்ப்போ ஏறத்தாழ 120 நியூட்டனிலேயே நிற்கும். ஆகவே 60-லிருந்து 100-க்குத் தாவும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செய்ய வேண்டிய மொத்த வேலை ஏறத்தாழ இரு மடங்கை எட்டுகிறது.

எனினும் அந்தந்தக் கணத்து எண்ணை மட்டும் துரத்துவது புதியவர்களை வழிதவறச் செய்யும். முடுக்கும்போது திரையில் 6 என்றும் 7 என்றும் தோன்றுவதைக் கண்டு அஞ்சி, இரண்டாவது கியரிலேயே நெடுநேரம் ஊர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். த்ராட்டில் சிறிதே திறந்திருக்கும்போது, என்ஜின் அந்த இடுக்கின் வழியாகக் காற்றை இழுப்பதற்கே தன் உழைப்பில் ஒரு பங்கை வீணாக்குகிறது. நடுத்தரமாக மிதித்து, சுழற்சி ஏறுமுன்பே மேல்கியருக்கு மாற்றிவிட்டால், சில விநாடிகள் எண் தாழ்ந்தாலும் பிரயாணத்தின் மொத்தக் கணக்கு உயரும். மேட்டில் ஏறும்போது எண் குறைவது குற்றமன்று. இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வருகிறது. ஆகையால் கணத்து எண்ணைப் பாதத்தின் அப்பியாசத்துக்கும், பிரயாண சராசரியை ஒரு பழக்கத்தின் குணதோஷத்தை நிர்ணயிப்பதற்கும், டேங்கின் சராசரியை வண்டியின் நிலையை அறிவதற்கும் என்று பகுத்துக்கொள்ளல் வேண்டும். இரண்டு வேகங்களையோ இரண்டு டயர் அழுத்தங்களையோ ஒப்பிடுகிறவர், ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டிப் பார்த்தால்தான் மேடுபள்ளமும் காற்றும் ஒன்றையொன்று ஈடுகட்டும். இவ்வளவு கணக்கும் வண்டி நின்றபிறகு பார்க்கத்தக்கது. ஓட்டும்போது கண்ணுக்குரிய இடம் சாலையே.

சில மாதங்களில் இப்பழக்கங்கள் பாதத்தில் படிந்துவிட்டபின், கருவிக்கு வேறொரு உத்தியோகம் வாய்க்கிறது. என்ஜின் எவ்வளவு ஓடியும் கூலன்ட் உஷ்ணம் 80, 90 டிகிரியை எட்டாமல் 60-ஐ ஒட்டியே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டது என்றும், குளிர்ந்த என்ஜின் என்று எண்ணிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊட்டுகிறது என்றும் ஊகிக்கலாம். ஆக்சிஜன் சென்சாரின் சொற்படி கம்ப்யூட்டர் செய்துவரும் திருத்தம் நிரந்தரமாகப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டலிலேயே நின்றால், எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது இன்ஜெக்டரில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது. மாதம் ஒரு முறை ரசீதையும் திரையையும் ஒப்பிடும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவருக்கு இந்த நோய்நாடல் பின்னும் எளிதாகிறது. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போய், மைலேஜ் மட்டும் முன்னைவிடக் குறைந்திருந்தால், குறை வண்டியிலோ ஓட்டுகிறவரிடத்திலோ இருக்கிறது. டயரின் காற்றையும், ஓடி நிறுத்தியதும் எந்தச் சக்கரமாவது அளவுக்கு மீறிச் சுடுகிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகினால், மாறியது பெட்ரோலின் கலவையோ கருவியின் திருத்தமோ ஆகும். அப்போது மெக்கானிக்கிடம் போவதற்கு முன், இன்னும் இரண்டு முறை டேங்கை நிரப்பிக் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.